ஓனர் கலர்

வெந்நீரில் நனைத்த துணியால் அப்பாவின் வலதுகை நகங்களை அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலில் இருந்த பெயிண்ட் வந்துவிட்டது. ஆள்காட்டி விரலில்தான் நக இடுக்கில் புகுந்துகொண்டு வர மறுத்தது.

"விடுக்கா. ஆளுங்க வர நேரமாச்சு," என்றான் தம்பி.

"இப்படியேவா அனுப்பறது?"

எந்தக் கடையிலும் கிடைக்காத நிறம் அது. வாடகைக்கு விட்டிருக்கும் மூன்று போர்ஷன்களிலும் மிஞ்சிய டப்பாக்களை அப்பா ஒரே வாளியில் கவிழ்த்துக் கலக்குவார். ஒரு தடவை மஞ்சள் தூக்கலாக வரும், ஒரு தடவை பச்சை. குடியிருப்பவர்கள் அதற்கு 'ஓனர் கலர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். குழாய்க்கு வாஷர் மாற்றுவதிலிருந்து சாக்கடை அடைப்புக்குக் கம்பி விடுவதுவரை எல்லாம் அவரேதான். வெளியாள் உள்ளே கால் வைத்தால் ஒரு மாத வாடகை போச்சு என்பார். அந்தச் சிக்கனத்தில்தான் இவர்கள் இரண்டு பேரும் படித்தார்கள். அம்மா போன பிறகு வாடகை வரவுசெலவு அவள் கைக்கு வந்தது. கஞ்சத்தனத்தில் அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள் என்று தம்பி கேலி செய்வான்.

நேற்று மாலை, காலியாகியிருந்த மாடிப் போர்ஷனில் ஸ்டூலுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். ஒரு சுவர் முடிந்து, இரண்டாவது பாதியில் நின்றிருந்தது.

"எழுபத்திரண்டு வயசுல ஸ்டூல் மேல ஏறணுமா? ஒரு ஆளைக் கூப்பிட்டா குறைஞ்சா போயிடுவாரு? கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரிடமும் தம்பி இதையே சொல்லி அழுதான். கேட்டவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவளும் ஒரு தடவை ஆட்டிவிட்டாள். ஆள் வைக்கலாமா என்று அப்பா போனில் கேட்டதும், வேண்டாம் என்று சொன்னது தான்தான் என்பதும் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பதில் சொல்ல முடியாத மனுஷன் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் வரவில்லை.

அப்போதுதான் பெயிண்டர் உள்ளே வந்தார். அடுத்த தெருக்காரர். இருபது வருஷமாக அப்பாவோடு வாசலில் நின்று அரட்டை அடித்திருக்கிறாரே தவிர, இந்த வீட்டில் ஒரு நாள்கூட வேலை கிடைத்ததில்லை. அவரைப் பார்த்ததும் அவள் குனிந்து நகத்தையே தேய்த்தாள்.

"போன வாரம் மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரும்மா," என்றார் பெயிண்டர். "கை தூக்க முடியலப்பா, நீயே அடிச்சிடுன்னார். எனக்கே ஆச்சரியமாப் போச்சு. கூலியைக்கூடக் குறைச்சுத்தான் சொன்னேன். பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்னார். அப்புறம் கூப்பிடவே இல்ல."

தம்பி நிமிர்ந்தான். "உன்கிட்ட கேட்டாரா?"

துணி ஆறிப்போயிருந்தது.

"கேட்டார்டா. ரெண்டு சுவர்தானேப்பா, நீங்க அடிக்காததான்னு சொன்னேன். சிரிச்சார். சரிம்மான்னு போனை வெச்சுட்டார்." அப்பாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "கை தூக்க முடியலன்னு என்கிட்ட சொல்லல. சொல்லவே இல்லடா."

பெயிண்டர் என்ன செய்வதென்று தெரியாமல் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்துபோனார். தம்பி நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் எழுந்து உள்ளே போனான். சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் வரவில்லை.

வந்தபோது கையில் புதிதாக வெந்நீர் இருந்தது. கிண்ணத்தை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, அப்பாவின் இடது பக்கம் உட்கார்ந்தான். அவள் கையிலிருந்த துணியை வாங்கி இரண்டாகக் கிழித்தான். ஒரு துண்டை அவளிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை நனைத்து, இடதுகைச் சுண்டுவிரலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தான்.