ரப்பர் தோட்டத்துக்காரிக்கு ஒரு கொழுந்துக் கூடை

அன்றைக்கு வந்திருந்தவர்கள்:

ஜமால்தீன், கிளை மனேஜர். ஜும்ஆத் தொழுகை முடிந்து நேரே வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

ஸில்மியா, ஏற்றுமதிப் பத்திரங்கள் பார்ப்பவள். பதினொரு வருடமாக எனக்குப் பக்கத்து மேசை.

நிதுஷன், என் உதவியாளன். திங்கட்கிழமையிலிருந்து என் கதிரை அவனுக்கு. தன் தண்ணீர்ப் போத்தலை அன்று காலையே என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

பாப்பம்மா, அலுவலகம் கூட்டுபவர்.

கொழும்பிலிருந்து இரண்டு பேர்: தயாரிப்பாளர் அம்றா, கெமராக்காரன் அன்ஸாப்.

களஞ்சியத்திலிருந்து ஏழெட்டுப் பேர். சாப்பாட்டுக்கு மட்டும்.

நான், தினுஷா. கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பு, பின்னேரம் நாலரை வரைக்கும்.

அம்மாவையும் கூப்பிட்டிருந்தேன். வரவில்லை.

எங்கள் அலுவலகத்தில் விலகிப் போகிறவர்தான் கடைசி நாளில் எல்லோருக்கும் சாப்பாடு கொடுக்க வேண்டும். யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. போனவர்களுக்கு மற்றவர்கள் ஏதாவது கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. முன்பு போனவர்கள் கடையில் பார்சல் எடுத்தார்கள். தொலைக்காட்சியில் சமைக்கப் போகிறவள் பார்சல் எடுத்தால் சிரிப்பார்கள் என்று நான் சமைத்தேன். மஞ்சள் சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய் மோஜு, பலாக்கொட்டைப் பிரட்டல். ஜமால்தீன் சேருக்காக இனிப்புக்கு வட்டிலப்பம். மாத்தளையிலிருந்து பலாபத்வல போகும் வழியில் எங்கள் கம்பனி. மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கித் தரம் பிரித்துக் கப்பலேற்றுகிறோம். பட்டை கராம்புக்குப் பஞ்சமில்லாத இடம். ஆனாலும் கறிக்குத் தேவையான சரக்கைக் கடையில் வாங்கித்தான் போட்டேன். களஞ்சியத்தில் ஒரு கிராம் குறைந்தாலும் கணக்கில் அது என் தலையில்தான் விழும்.

போன வருடம் ஒரு தமிழ்ச் சேனல் நடத்திய சமையல் போட்டியில் இரண்டாவதாக வந்தேன். முதலாவதாக வந்தவள் கல்யாணம் முடித்துக் கனடா போய்விட்டாள். பதின்மூன்று வாரம் ஓடப்போகும் நிகழ்ச்சி அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. படப்பிடிப்பு கொழும்பில், வேலை நாட்களில். சம்பளமில்லாத லீவு கேட்டேன், தலைமையகம் தரவில்லை. விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

பெரிய இலட்சியம் என்று எதுவும் இல்லை. இந்தப் பதினொரு வருடத்தில் நான் தயாரித்த ஒவ்வொரு அறிக்கையிலும் கையெழுத்து ஜமால்தீனுடையது. தொலைக்காட்சியில் பேசுகிறவரின் பெயர் கீழே எழுத்தில் வரும். எனக்கு அது வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இடுப்பு விட்டுப் போன பிறகு துரை பங்களாவில் எட்டு வருடம் சமைத்தார்.

"அடுப்படிய விட்டு எழும்பத்தான் ஒன்னைய படிக்க வச்சேன். நீ மறுபடி அங்கயே போயி குந்துறேங்கிற."

"இது டிவிம்மா."

"டிவில இருந்தா அடுப்பு சுடாதா?"

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு அம்றா வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். வேகமான பேச்சு, நல்ல சிரிப்பு. நான் அலுவலகத்தை விட்டு விலகுவதைப் படம் பிடித்து விளம்பரத்தில் போடப் போவதாகப் போனில் சொல்லியிருந்தாள். அதற்காகவே கரும்பச்சைச் சேலை கட்டி, மேசையைத் துடைத்து, கோப்புகளை அடுக்கி வைத்திருந்தேன். அன்ஸாப் வேனிலிருந்து கெமராவை இறக்கினான். பிறகு ஒரு மூங்கில் கூடையை இறக்கினான்.

"எனத்த இது? எங்கட ஒஃபிஸுக்குக் கிஃப்டா?" என்றார் ஜமால்தீன், கோழிக்காலைக் கடித்தபடி.

"இல்ல சேர், அக்காவுக்கு" என்றாள் அம்றா. கூடைக்குள் ஒரு பழைய சேலை, தலைத்துண்டு, கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்கு. படங்கு புத்தம் புதிது. மடித்த கோடுகூட மாறவில்லை.

"இது எதுக்கு?" என்றேன்.

"புரோமோவுக்குத்தான். எல்கடுவப் பக்கம் தேயிலை இருக்காமே. வெளிச்சம் போறதுக்குள்ள அங்க போயிரணும்."

"எங்க தோட்டத்துல தேயிலையே இல்லைங்க. ரப்பர். அம்மா பால் வெட்டுனவங்க."

"ரப்பர் சொன்னா ஆக்களுக்கு விளங்காதுக்கா. தோட்டம்னா தேயிலைதான்."

"நான் கூடை மாட்டுனதே இல்ல."

"அதுக்கென்ன, நான் காட்டித் தாறேன்."

ஸில்மியா விரலை நக்கிக்கொண்டு சிரித்தாள். "பாத்துக்கங்க. கொழும்புப் புள்ள தோட்டத்துப் புள்ளைக்குக் கூட மாட்டப் படிச்சுக் குடுக்கப் போகுது."

அம்றாவும் சிரித்தாள். கோபப்படத் தெரியாத பெண். கையிலிருந்த தாளை என்னிடம் நீட்டினாள். நான் கெமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அதில் இருந்தது. நிகழ்ச்சியின் பெயர் மேலே பெரிதாக: கொழுந்துக்காரி கிச்சன். அதன் கீழே முதல் வரி: படிக்க வசதியில்லாமல் பத்து வயதில் கொழுந்து பறிக்கப் போனேன்.

பத்து வயதில் நான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினேன். இருபத்தாறு வயதில் ஒவ்வொரு சனி ஞாயிறும் கண்டிக்குப் பஸ் ஏறிக் கணக்கியல் படித்தேன். மூன்று தடவை விழுந்து நாலாவது தடவை எழும்பினேன்.

"அம்றா, நான் பரீட்சை பாஸ் பண்ணுனவ. போட்டி ஃபோர்ம்லயே எழுதியிருந்தேனே."

"பாத்தேன்க்கா. ஆனா கணக்கெழுதின ஆள் சமைக்க வந்தான்னா, அதுல என்ன கதை இருக்கு?"

"அதுதானே நடந்தது."

"நடந்தது வேற, ஆக்கள் பாக்குறது வேற. பேசாம மாட்டிட்டு வாங்க. உங்க முகத்துக்கு நல்லா இருக்கும்."

"என் பேர் கீழ வருமா?"

"வராம? கொழுந்துக்காரி தினுஷான்னு வரும்."

ஜமால்தீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கையைக் கழுவாமலே எழுந்து தன் அறைக்குப் போய்க் கண்ணால் என்னை அழைத்தார். போனேன். கதவை ஒருக்களித்தார், மேசை லாச்சியை முழங்கையால் இழுத்தார். என் கடிதம் அதற்குள் கிடந்தது.

"இன்னம் அனுப்பல்ல" என்றார்.

"ஒரு மாசமாவா சேர்?"

"நீங்க மனசு மாறுவீங்கன்னுதான் வச்சிக்கிட்டு ஈந்தேன். ஹெட் ஒஃபிஸுக்கு ஒன்டும் தெரியாது. நாலரைக்கு முந்திச் செல்லுங்க, கிழிச்சுப் போடுறேன். திங்கக்கிழம வழமை போல வாங்க."

"நிதுஷனுக்குச் சொல்லியாச்சே?"

"அவன்ட போத்தல அவன் தூக்கிக்கிட்டுப் போறான். அது ஒரு வேலையா?"

மணி மூன்றேகால். எனக்கு மூச்சு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவர் காலில் விழலாம் போலிருந்தது. என் கதிரை, என் கணினி, வருடா வருடம் நானே பெயர் எழுதி ஒட்டிய கோப்புகள். அங்கே நான் பத்து வயதில் எதையும் பறிக்கப் போகாதவள். கடிதத்தைத் தாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்றா கதவைத் தட்டினாள்.

"சேர், அக்காவைப் பத்தி ஒவ்வொருத்தரும் ரெண்டு வார்த்தை பேசணும். புரோமோவுக்கு நல்லா இருக்கும். முதல்ல ஸ்டாஃப், கடைசியில நீங்க."

ஜமால்தீன் உடனே சட்டைக் காலரைச் சரி செய்தார். "இது முடியட்டும், வந்து செல்லுங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் கெமராவுக்குப் பின்னால் நின்றேன். ஸில்மியா முதலில் வந்து ஸ்காஃபை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தினு போடுற இஞ்சித் தேத்தண்ணி இல்லாட்டி எங்களுக்கு நாலு மணி ஆகாது. பாப்பம்மா லீவு போட்டாலும் கவலை இல்ல, தினு ஈக்கிறா. இனி எங்கட கதி?"

பிறகு நிதுஷன். "அக்கா கொண்டு வார ரொட்டியும் கட்டச் சம்பலும்... என் டயட் போனதே அவங்களாலதான்."

"வேலையில எப்பிடி?" என்று கேட்டாள் அம்றா. அவள் மட்டும்தான் அதைக் கேட்டாள். அதை மறைக்கக் கூடாது.

நிதுஷன் கொஞ்சம் யோசித்தான். அவனுக்கு வங்கிக் கணக்குச் சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்தது நான். தலைகீழாக எழுதிய எண்களைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தது நான்.

"வேலை... வேலையும் செய்வாங்க" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

களஞ்சியத்து ஆட்களில் இருவர் கோழிக்கறி பற்றிப் பேசினார்கள். கடைசியில் ஜமால்தீன், தொப்பியை நேராக்கிக்கொண்டு.

"எங்கட குடும்பத்துப் புள்ள மாதிரித்தான். ஒவ்வொரு வருஷமும் ஓடிட்காரங்க வந்தா பகல் சாப்பாடு தினுஷாட பொறுப்பு. அந்தக் கறியத் தின்டுட்டு ஒருத்தனும் ஒரு குறை எழுதினதில்ல!"

பெரிய சிரிப்பு. "சூப்பர் சேர், இதத்தான் போடுவோம்" என்றாள் அம்றா.

கணக்காய்வாளர்கள் குறை எழுதாதது கறியால் அல்ல. அவர்கள் வருவதற்கு முந்திய இரண்டு வாரமும் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் நான் மறுபடி ஒப்பிடுவேன். ஜமால்தீன் தன் மருமகளின் கல்யாண வாரத்தில் பதியாமல் விட்ட மூன்று லொறிச் சாதிக்காயை ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து தேடியெடுத்துப் பதிந்தது நான். அது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சிரித்தார்.

அவர் அறைக்குப் போனேன்.

"சேர், கடிதத்த அனுப்புங்க."

"எனத்துக்கு புள்ள? இப்பதானே..."

"ஓடிட்காரங்க கறியத் தின்னுட்டா எழுதாமப் போனாங்க?"

"அல்லாஹ்! அது பகிடிக்குச் செல்லின."

"பகிடிக்காச்சும் யாராவது ஒருத்தர் வேற ஒண்ணச் சொல்லியிருக்கலாம் சேர்."

அவர் என்னைப் பார்த்தார். வெளியே ஸில்மியா வட்டிலப்பம் வெட்டப் போவதாகச் சத்தம் போட்டாள். கடிதத்தை மேசையில் விரித்துத் தொலைபேசியால் படம் எடுத்தார். கழுவியும் மஞ்சள் போகாத அவருடைய பெருவிரல் தாளின் மூலையில் பதிந்தது. திரையை இரண்டு தடவை தட்டினார்.

"அனுப்பியாச்சு" என்றார். "இன்ஷா அல்லாஹ், நல்லா வருவீங்க."

வெளியே வந்து அம்றாவிடம் சொன்னேன்: "கூடைய மாட்டுறேன். படிக்கலேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரிக்கா, உங்களுக்குப் பிடிக்காட்டி சொல்ல வேணாம்."

"தேங்க்ஸ்."

"அத நாங்க வொய்ஸ் ஓவர்ல போட்டுக்கிறோம்."

அவள் என்னை ஏமாற்றவில்லை. விட்டுக்கொடுத்ததாகவே நினைத்தாள். நான் திரும்பி மனேஜர் அறையைப் பார்த்தேன். அவர் தட்டோடு வட்டிலப்பத்தின் பக்கம் போய்விட்டார். என் மேசையில் நிதுஷன் தன் சார்ஜரைச் செருகிக்கொண்டிருந்தான்.

கோப்பு அறையில் உடை மாற்றினேன். சுவரைச் சுற்றிலும் அலுமாரி, அலுமாரியெல்லாம் என் கையெழுத்தில் வருடங்கள். அவற்றின் நடுவே கரும்பச்சைச் சேலையை அவிழ்த்துவிட்டு அந்தப் பழைய சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஏற்றிக் கட்டினேன். பாப்பம்மா விளக்குமாறோடு உள்ளே வந்தார். நான் கூடையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தார்.

"மிஸ், கயிறு தோள்ல வராது. நெத்தியில வரணும்."

விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுத் தலைத்துண்டை மடித்து வைத்து, அதன் மேல் கயிற்றைப் பதித்தார். கூடை முதுகில் உட்கார்ந்தது.

"கழுத்து விறைக்கும். பழகிரும்."

"நீங்க மாட்டியிருக்கீங்களா?"

"இருவத்திரண்டு வருசம். ஒருத்தனும் படம் எடுக்க வரல."

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மூலையைக் கூட்டத் தொடங்கினார். என் கால் இருந்த இடத்தைக் கூட்ட வேண்டும் என்பது போலக் காத்து நின்றார். நகர்ந்தேன்.

ஹோலில் எல்லோரும் கோப்பையும் கரண்டியுமாக இருந்தார்கள். என்னைக் கண்டதும் யாரோ ஒருவன் விசிலடித்தான். ஸில்மியா மட்டும் வாயில் வைத்த கரண்டியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தினு, ஒனக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கட்டா?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்ட முடியவில்லை. கயிறு வழுக்கியது. கையை ஆட்டினேன். அவள் அதை டாட்டா என்று எடுத்துக்கொண்டு தானும் கையை ஆட்டினாள்.

"செருப்பு வேணாம்க்கா" என்றாள் அம்றா வேனிலிருந்து. "வெறுங்காலோட வாங்க. அன்ஸாப், வெளிய வாறதையும் ஒரு ஷொட் எடுங்க. கட்டிடம் தெரியக் கூடாது, முகம் மட்டும்."

செருப்பை வாசலில் கழற்றினேன். வெயிலில் கிடந்த சீமெந்துப் படி காலைச் சுட்டது. அன்ஸாப் பின்னோக்கி நடந்துகொண்டே படம் பிடித்தான். "சிரிங்க, கொஞ்சம் சிரிங்க" என்றாள் அம்றா. மூன்று படி இறங்கியிருப்பேன். உள்ளேயிருந்து ஜமால்தீனின் குரல் கேட்டது, வாய் நிறைய வட்டிலப்பத்தோடு.

"பாப்பம்மா, கதவச் சாத்திப் பூட்டுங்க. ஏசி எல்லாம் வெளிய போகுது."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் பூட்டு இரண்டு தடவை திரும்பியது.