காலி உறை

'துப்பாக்கிக்கு அனுமதி இல்லை' என்ற ஸ்டிக்கரை நூலகக் கதவிலிருந்து நூலகர் ஜனெல் காலையிலேயே சுரண்டி எடுத்தாள். எடுக்க மனசே இல்லை. ஆனால் இன்று ஜூலை ஒன்று, மாநிலத்தில் புதுச் சட்டம் அமலுக்கு வரும் நாள். பயிற்சி வேண்டாம், தேர்வு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். இருபத்தொரு வயதானவர் யாரும் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு நூலகத்துக்கே வரலாம். இனி இங்கே சத்தமாகப் பேசுவது மட்டும்தான் குற்றம்.

பத்து மணிக்கு, செவ்வாய்க்கிழமை வழக்கப்படி, குழந்தைகளுக்குக் கதை நேரம். கம்பளத்தில் பதினோரு பிள்ளைகள். ஜனெல்லின் ஆறு வயது மகள் டெஸ்ஸாவும் அதில் ஒருத்தி.

அப்போதுதான் டுவைட் புரூட் உள்ளே வந்தார். மீன்பிடிப் பத்திரிகை படிக்க வாரம் தவறாமல் வருகிறவர், யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். இன்று அவர் பெல்ட்டில் புத்தம் புதுத் தோல் உறை, அதற்கு மேலே துப்பாக்கியின் கறுப்புப் பிடி.

"லைசென்ஸ் இருக்கா சார்?" பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

"அதெல்லாம் நேத்தோட போச்சும்மா! ரெண்டு தடவ டெஸ்ட்டுல ஃபெயில் பண்ணானுங்க. இனி எவன் கேப்பான்? ஏன் பேயடிச்ச மாதிரி நிக்கிற? புள்ளைங்களுக்குக் காவலுக்கு ஆள் வந்திருக்குன்னு நெனச்சுக்கோ."

ஒரு மணி நேரம் பத்திரிகை புரட்டினார். அவர் கை கீழே இறங்கும்போதெல்லாம் கதை வாசித்துக்கொண்டிருந்த ஜனெல் வரி தவறினாள். பிறகு கழிவறைக்குப் போனார், வந்தார், தொப்பியைத் தொட்டு விடைபெற்றார். கதவு மூடியதும்தான் அவளுக்குப் போன உயிர் வந்தது.

கண்ணாடி வழியே பார்த்தாள். லாரி போன்ற தன் வண்டியருகே நின்று அவர் கால்சட்டையை இழுத்துவிட்டார். உறை காலியாக இருந்தது.

கம்பளத்தை எண்ணினாள். பத்துத் தலைகள்.

"டெஸ்ஸா எங்க?"

"பாத்ரூம் போனா," என்றது ஒரு பொடிசு.

ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கீழிடுக்கில் வெளிச்சம் இல்லை. "டெஸ்ஸா! எதையும் தொடாத! கதவத் தெற!" பதில் இல்லை. மறுபடி தட்டினாள், கை வலிக்கத் தட்டினாள். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

சத்தம் தாழ்ப்பாளுடையது. கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"அம்மா, அந்த ஆளு போயிட்டானா?" கிசுகிசுத்தாள் டெஸ்ஸா. "துப்பாக்கிய பாத்தா லைட்ட அணைச்சுட்டு ஒளிஞ்சுக்கணும், சத்தமே போடக்கூடாதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்கல்ல. வாஷ்பேசின் அடியில இருந்தேன்."

ஃபிளஷ் தொட்டியின் மூடிமேல் அது கிடந்தது. ஜனெல் மகளை இறுக்கிக்கொண்டு அழுதாள்.

"மறதி, மறதி!" சிரித்தபடியே திரும்பி வந்தார் புரூட். எடுத்து உறையில் செருகினார்.

"இனிமே நீங்க இங்க வரக்கூடாது சார்."

"எந்தச் சட்டத்துலம்மா?" அவருக்குக் கோபம்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அவள் காட்டுவதற்குக் கதவில் பசைத் தடம்தான் மிச்சமிருந்தது. "சரி, அடுத்த செவ்வாய் பாக்கலாம்," என்று போய்விட்டார்.

டெஸ்ஸா அம்மாவின் சட்டையை விடவே இல்லை.

"அடுத்த வாரம் நான் எங்கம்மா ஒக்காரணும்? கதவுகிட்டயா, வாஷ்பேசின்கிட்டயா?"