மெட்டில்டாவின் பெயரில் ஒரு குழாய்

குழாயில் மெட்டில்டாவின் பெயர் எழுதியிருந்தது. உள்ளே இருந்தது தெக்ளாவுடையது.

கேரளத்து அரூரில் இறால் உரிக்கும் ஷெட்டில் இது நடந்து பதினெட்டு நாள் ஆகிவிட்டது. அன்றைக்கு ஆஷா சுகாதாரப் பணியாளர் வத்சலா ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து, முப்பது வயது தாண்டிய கல்யாணமான பெண்களின் பட்டியலை வாசித்தாள். ஆளுக்கு ஒரு குழாய், ஒரு நீளக் குச்சி. கழிவறைக்குப் போய், குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றி, குழாயில் போட்டு மூடிக் கொடுத்தால் போதும். கருப்பை வாயில் புற்றை வளர்க்கும் வைரஸ் இருக்கிறதா என்று லேபில் பார்த்துச் சொல்வார்கள்.

பட்டியலில் தெக்ளா இல்லை. நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. கேட்டிருந்தால் வத்சலா கொடுத்திருப்பாள். ஆனால் முப்பது பெண்கள் தோளோடு தோள் நின்று இறால் உரிக்கிற இடத்தில், கல்யாணமாகாதவள் கை நீட்டி அந்தக் குழாயைக் கேட்பது மைக் வைத்துச் சொல்வதற்குச் சமம். அவளுக்கு மூன்று மாதமாக, மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற மெட்டில்டாவுக்கு வேறு பிரச்சினை. "குச்சியெல்லாம் நான் விட மாட்டேன், சேச்சி. ரெண்டு புள்ளையையும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் பெத்தேன். இந்த வத்சலா சும்மா விடவும் மாட்டா, வீட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவா."

"கொண்டா இங்க."

"உனக்கு எதுக்கு?"

"கொண்டாடீன்னா."

மெட்டில்டா அவளை ஒரு தடவை பார்த்தாள். குழாயையும் குச்சியையும் அவள் கையில் வைத்தாள். கழிவறையில், காலையிலிருந்து ஐஸில் கிடந்து மரத்துப்போன தெக்ளாவின் விரல்களுக்குக் குச்சி பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

முடிவு மோசமாக வந்தால் மெட்டில்டா வழியாகத் தனக்கு மட்டும் தெரியும் என்றுதான் தெக்ளா கணக்குப் போட்டிருந்தாள். அது மெட்டில்டாவின் வீட்டுக்கு நடந்து போகும் என்று யோசிக்கவில்லை.

பதினாறாம் நாள் வத்சலா அந்த வீட்டுக்குப் போனபோது மெட்டில்டா கடைக்குப் போயிருந்தாள். புருஷன் சேவி முற்றத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். மேல்பரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள் என்று மட்டும் வத்சலா சொன்னாள். அவன் அவள் கையிலிருந்த முடிவுச் சீட்டை வாங்கிப் படித்தான்; வைரஸ் இருக்கிறது என்று போட்டிருந்தது. வைரஸின் பெயரைப் போனில் தேடினான். உடலுறவால் பரவுவது என்று முதல் வரியிலேயே வந்தது.

மறுநாள் காலை மெட்டில்டா ஷெட்டுக்கு வந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது.

"எவன்னு கேக்கறான். நான் எவன்னு சொல்லுவேன்? அந்தக் குழாய்ல இருந்தது யாரோடதுன்னு எனக்குத் தெரியும். சொல்லல."

தெக்ளா இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டாள். இன்னொன்றையும் கிள்ளிப் போட்டாள்.

"நாளைக்கு வியாழக்கிழமை, தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவனும் வர்றான். டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா முடிஞ்சது. உன் பேரு வராது, சேச்சி."

தெக்ளாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை அவள் மறைக்கக்கூட முயலவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஐஸ் லாரி ஓட்டியவன் ஒருத்தன் இருந்தான். எழுபுன்னையில் ஒரு வாடகை அறை, நாலு மாதம். அவன் பெண்டாட்டி பெயர்கூட இவளுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாமலே முடிந்துபோன கதை, தெரியாமலே இருக்கட்டும். "துணைக்கு நானும் வர்றேன்" என்றாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சேவி நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தான். மேஜைக்குப் பின்னால் இருந்த சிஸ்டர் மெட்டில்டாவைக் கூப்பிட்டு, ஆதாரை வாங்கிப் பார்த்து, பைலைத் திறந்தாள்.

"நடுநடுவுல ரத்தம் படுதா?"

மெட்டில்டா திரும்பித் தெக்ளாவைப் பார்த்தாள். தெக்ளாவின் கசிவு அவளுக்குத் தெரியாது. "இல்ல" என்றாள்.

சிஸ்டர் 'இல்லை' என்று எழுதினாள். தெக்ளா அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே டாக்டர் மெட்டில்டாவைப் பார்ப்பார், ஒன்றும் இருக்காது, பைலை மூடிவிடுவார்கள். தன்னுடையது அந்த மூடிய பைலுக்குள் கிடந்து வளரும்.

அவள் எழுந்து மேஜைக்குப் போனாள். "அப்படி எழுதாதீங்க, சிஸ்டர். படுது. மூணு மாசமா."

"யாருக்கு?"

"எனக்கு. அந்தக் குழாய் என்னோடது. இவ எடுக்கவே இல்ல, நான்தான் இவ பேர்ல எடுத்துக் கொடுத்தேன்."

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "மீன் வாங்குற வரிசையில டோக்கன் மாத்துறீங்க, சரி. இதையுமா மாத்துவீங்க?"

பெஞ்சிலிருந்து சேவி சிரித்தான். இரண்டு நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு மொத்தமும் அந்தச் சிரிப்பில் வந்தது. "நீயா தெக்ளா? கல்யாணமே ஆகாத உனக்கா? எவன் அவன்?"

"அதைக் கேக்க இங்க யாருக்கும் உரிமையில்ல" என்றாள் சிஸ்டர். "எவன்கிட்ட, எப்ப வாங்கினதுன்னு டாக்டராலயே சொல்ல முடியாது. பத்து வருஷம், பதினஞ்சு வருஷம்கூடத் தூங்கிக் கிடக்கும். முக்கால்வாசிப் பேருக்குத் தானாவே போயிடும். போகாம தங்குறதுதான் வம்பு."

"பொம்பளைங்களுக்குத்தானே?"

"ஆம்பளை கொடுக்காம பொம்பளைக்கு எங்கேருந்து வரும்? ஆம்பளைக்கும் மரு வரும், தொண்டையில புற்று வரும், கீழேயும் வரும். ஆனா உங்களுக்குன்னு டெஸ்ட் கிடையாது. வெளியில ஒண்ணும் தெரியாமலே சுமந்துக்கிட்டுத் திரியலாம். உறை போட்டாக் குறையும், முழுசா தடுக்காது." சிஸ்டர் மெட்டில்டாவிடம் திரும்பினாள். "வயசுக்கு வந்த பொண்ணு இருக்கா? ஸ்கூல்ல இதுக்குத் தடுப்பு ஊசி போட்டாங்களா?"

"பிளஸ் ஒன் படிக்கிறா. இவருதான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. அந்த மாதிரிப் பொண்ணுங்களுக்குப் போடுற ஊசின்னாரு."

"ஒட்டறதுக்கு முந்திப் போட்டாத்தான் அதுக்கு முழுப் பலன். போட்டு விடுங்க." சிஸ்டர் இழுப்பறையிலிருந்து புதுக் குழாய் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இந்தத் தடவை உன்னோடதையே கொண்டா."

சேவியின் முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனது என்று தெக்ளா கவனிக்கவில்லை. பார்க்கும்போது இல்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வருஷம் அவன் மங்களூர் துறைமுகத்தில் படகில் இருந்தவன்.

"இப்ப வேணாம்டீ" என்றான் மெதுவாக. "உனக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சே. இன்னொரு நாள் வரலாம்."

மெட்டில்டா குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். வீக்கம் இன்னும் முழுக்க வடியவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு யாரு சொன்னா?" என்றாள். "ரெண்டு நாளா எவன் எவன்னு கேட்டியே. இப்ப ஏன் வேணாம்?"

மெட்டில்டா கழிவறைப் பக்கம் போனாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்வாளா என்று தெரியவில்லை.

சிஸ்டர் பைலில் மெட்டில்டாவின் பெயரை அடித்துவிட்டுத் தெக்ளாவின் பெயரை எழுதினாள். "புருஷன் பேரு?"

"இல்ல."

பின்னால் இன்னொரு பெஞ்சில் காத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்துவது கேட்டது. ஷெட்டுக்கு வருகிற இரண்டு பேர் அதில் இருந்தார்கள். சிஸ்டர் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். 'ரத்தக்கசிவு: மூன்று மாதம்' என்று கீழே எழுதி, உள்ளே போகச் சொன்னாள்.

டாக்டர் வயதில் சின்னப் பெண். கால்களை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னாள். இரும்புக் கருவி சில்லென்று இருந்தது. குளிர் தெக்ளாவின் விரல்களுக்குப் பழக்கம், அந்த இடத்துக்குப் பழக்கமில்லை. புளித்த வாடையடிக்கும் ஏதோ ஒன்றைத் தடவி, விளக்கைத் திருப்பி, டாக்டர் காத்திருந்தாள். வெள்ளையாக மாறினால் கெட்ட இடம் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். ஒரு நிமிஷம் என்றும் சொல்லியிருந்தாள்.

ஒரு நிமிஷம் தாண்டியது. டாக்டர் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தாள்.

"மூணு மாசம்னா சொன்னீங்க?"

"ஆமா."

"ஏன் அப்பவே வரல?"

தெக்ளா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பட்டியல்ல என் பேரு இல்ல" என்றாள்.

டாக்டர் பக்கத்தில் நின்ற நர்ஸிடம், லேபுக்கு அனுப்பச் சதை கிள்ளி எடுக்கும் கத்திரியைக் கேட்டுக் கை நீட்டினாள்.