பின்பெஞ்சு ஸ்டீயரிங்

துறைமுகத்தில் ஏலம் போட்ட சின்ன மோட்டார் படகை, ரிட்டயர்டு எஞ்சின் டிரைவர் எலியேசர் லாரியில் ஏற்றித் தாம்பரத்துக்குக் கொண்டுவந்த அன்று, ரயில்வே கேட்டில் இருந்தவர் மறித்துவிட்டார். லாரிக்குக் கேட்டைத் திறக்கலாம், கப்பலுக்குத் திறக்க ரூலில் இடமில்லை என்றார். அவர் மனம் மாறுவதற்குள் வண்டிகள் கூடுவாஞ்சேரி வரை நின்றுவிட்டன. அது அறுபத்தாறாம் வருஷம். அந்த ஐப்பசி மழையில் இரும்புலியூர் ஏரி நிரம்பியது, படகும் மிதந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையார் பைபிளும் கையுமாக வந்து ஏறிக்கொள்வார்கள். எலியேசர் ஹாரனை அமுக்கினால் ஏரியில் கிடக்கும் எருமைகள் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடும். ஒரு கிழட்டு எருமை மட்டும் கையைக் காட்டினால்தான் நகரும்.

லாசரஸ் அவருக்கு வீட்டோடு மாப்பிள்ளை. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் டைப்பிஸ்ட். மாமனார் வீட்டில் ரேடியோ முள்ளைத் திருப்பக்கூட அவனுக்கு அனுமதி கிடையாது. அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. நாலு பேர் பார்க்க அந்தப் படகை ஒருமுறை ஓட்ட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடு ஏரியில் வாய்விட்டுக் கேட்டுவிட்டான்.

"மாமா, நான் கொஞ்சம் பிடிக்கட்டுமா?"

"முதல்ல சைக்கிளைச் சாயாம ஸ்டாண்டு போடு. படகு அப்புறம்" என்றார் எலியேசர். சபையார் சிரித்த சிரிப்பில் படகு இரண்டு தடவை தண்ணீர் மொண்டது.

அப்படிப்பட்ட மனுஷன் அடுத்த வாரமே ஜி.எஸ்.டி. ரோட்டு மெக்கானிக் ஜமாலைக் கூட்டிவந்து, படகின் பின்பெஞ்சுக்கு எதிரே இரண்டாவதாக ஒரு ஸ்டீயரிங் மாட்டச் சொன்னார். உடைத்துப்போட்ட பழைய காரின் ஸ்டீயரிங்.

"திரும்பும்போது பின்பக்கம் முள்மரத்துல இடிக்குது. அங்க ஒரு கை வேணும். நீ பிடிக்கிறப்ப நான் கையை எடுத்துடறேன்" என்றார் மருமகனிடம்.

லாசரஸ் வெள்ளைத் தொப்பி ஒன்று வாங்கினான். இரண்டு மழைக்காலம் ஓட்டினான். பின்பெஞ்சில் இடம் பிடிக்கச் சனம் அடித்துக்கொண்டது. "லாசரஸ் தம்பி, அந்தப் பனைமரத்துப் பக்கம் கொண்டுபோப்பா" என்று தபீதாள் டீச்சர் உரக்கக் கேட்பாள். அவன் திருப்புவான். படகு பனைமரத்துக்குப் போகும். வீட்டுக்கு வந்து தோள்பட்டை வலிக்கிறது என்று படுப்பான். மனைவி ஜெயசீலி தைலம் தேய்த்தபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அவள் தோள் குலுங்கும். பெருமையில் அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வான்.

மூன்றாம் மழைக்காலத்தில் ஒரு குளவி வந்து அவன் மூக்கில் உட்கார்ந்தது. இரண்டு கையாலும் அதை விரட்டினான். படகு ஏரிக்குள் நின்ற கருவேல மரத்தைச் சுற்றி அழகாக வளைந்துபோனது. அவனுடைய ஸ்டீயரிங் அசையாமல் நின்றது. திரும்பிப் பார்த்தான். தபீதாள் டீச்சர் கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜெயசீலி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாசரஸ் மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்தான். கரை வரும்வரை ஒழுங்காகத் திருப்பிக்கொண்டே வந்தான்.

மறுநாள் ஜமாலின் ஷெட்டுக்குப் போனான்.

"இன்னா சார், இவ்ளோ நாளா தெரியாமயா ஓட்டிகினு இருந்தே? போல்ட்டு மட்டும் மாட்டு, வயர் வோணாம்னாரு உன் மாமனாரு. ஒண்ணு சுத்துனா இன்னொண்ணும் கூட சுத்தணும் சார். அத்தப் பாத்தாலே தெரிஞ்சிருக்குமே. ஊருக்கே தெரியும்."

"இப்ப மாட்ட முடியுமா?"

"ஒரே அவுர்ல மாட்டலாம். ரெண்டையும் சேத்து, படகைத் திருப்புற சுக்கானுக்குக் கட்டிடவா?"

"வேணாம். ஒண்ணுக்குத்தான் வயர் இருந்துது. ஒண்ணுக்கே இருக்கட்டும்."

ஜமால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தான். "கூலி வோணாம் சார். ஞாயித்துக்கெயம எனக்கு ஒரு சீட்டு மட்டும் போட்டு வை" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எலியேசருக்குப் பக்கத்தில் போதகர் வேதசிரோமணி உட்கார்ந்திருந்தார். படகு கரையை விட்டதும் எலியேசர் வலப்பக்கம் திருப்பினார். படகு இடப்பக்கம் போனது. இன்னும் திருப்பினார். ஸ்டீயரிங் ராட்டினம்போல வெறுமனே சுற்றியது. மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்க முடியுமா? வயர் இல்லாத ஸ்டீயரிங் என்றால் என்னவென்று அந்தப் படகில் தெரியாதவர் யாருமில்லை. முப்பது வருஷம் எஞ்சின் ஓட்டியவர். படகு போகும் பக்கத்தைப் பார்த்து, அந்தப் பக்கமே தானும் திருப்ப ஆரம்பித்தார்.

"இன்னைக்கு இடப்பக்கமாப் போறீங்க போலிருக்கே" என்றார் போதகர்.

"ஆமா ஐயா, ஒரு மாறுதலுக்கு."

லாசரஸ் நேராகக் கருவேல மரத்துக்கு விட்டான். போதகர் பலகைக்கடியில் புகுந்துகொண்டார். எலியேசர் குனியவில்லை. ஓட்டுகிறவர் எப்படிக் குனிவது? முள்கிளை அவர் நெற்றியிலிருந்து தாடை வரை கோடு போட்டது.

"பாத்துத் திருப்புங்க மாமா" என்றான் லாசரஸ் பின்னாலிருந்து, மரியாதையாக. படகை ஒரு வட்டம் அடித்து, மறுபடியும் அதே மரத்துக்கு விட்டான்.

முதலில் சிரித்தவன் ஜமால். பிறகு விஷயம் பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. லாசரஸை வேடிக்கை பார்க்கப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த சனமெல்லாம் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தது.

வீட்டில் ஜெயசீலி முள் எடுத்துக்கொண்டிருக்கும்போது எலியேசர் மருமகனைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை" என்றார். கல்யாணமான நாள் முதலாக அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. "அந்த வயரை மாட்டிடுங்க."

"எந்த வயர் மாமா?" என்றான் லாசரஸ்.

எலியேசர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துவிட்டார். லாசரஸ் சபையாரோடு கட்டிலருகே வந்து நின்றான். "நீங்க இல்லாம யாரு மாமா ஓட்டுறது? சனம் ஆசையா வந்திருக்கு" என்று போர்வையை எடுத்தான். தபீதாள் டீச்சர் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தாள். இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்து ஏரிக்கரை வரை பத்திரமாக நடத்திக்கொண்டுபோய் முன் ஸ்டீயரிங்கில் உட்காரவைத்தார்கள். ஜெயசீலி முன்னாடியே ஓடிவந்து, அப்பாவின் முகம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

எலியேசர் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். கழுத்தை மட்டும் லேசாகத் திருப்பி, யாருக்கும் கேட்காத குரலில், "இன்னைக்கு எந்தப் பக்கம் மாப்பிள்ளை?" என்றார்.

லாசரஸுக்குக் கேட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு எஞ்சினைக் கிளப்பினான்.