சாம்பிள்காரர்

குளிப்பாட்டிய உடம்பைப் பாயில் கிடத்தி, சடங்கு செய்ய வந்த காளிச்சாமி நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் கார் வந்து நின்றது. இறங்கியவர்களைப் பார்த்ததும் கயல்விழி சட்டென்று எழுந்துவிட்டாள். ஆய்வுக்கூடத்து நிலோஃபர் மேடமும், கூட வேலை செய்யும் ரவிதேஜாவும். யாரும் வர வேண்டாம் என்று காலையிலேயே மெசேஜ் போட்டிருந்தாள். கேட்டால்தானே!

அப்பா போன துக்கம் ஒரு பக்கம் கிடக்க, அவர் முகத்தை அவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அவள் பதறினாள். அப்படியாகிவிட்டது அவள் பிழைப்பு.

ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை, நோயில் செத்த ஆடுகளின் மண்ணீரலைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, ஆன்டிபாடி விடுவது. கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லாகப் பார்த்து அது போய் ஒட்டும். ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும். ஆயிரம் செல்லுக்கு நடுவே இதுதான் அது என்று அடையாளம் காட்டிவிடுவாள்.

மண்ணீரல் கொண்டுவந்தது அவள் அப்பா ராசப்பன். அன்னூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலி வேலை. எங்காவது ஆடு செத்தால் அறுத்து, மகள் கொடுத்த ஃபார்மலின் பாட்டிலில் துண்டு போட்டுப் பஸ்ஸேறி வருவார். முதல் தடவை அழுக்கு வேட்டியோடு வாசலில் நின்றவரைக் காட்டி, "யாரு இவரு?" என்று ரவிதேஜா கேட்டான்.

"ஊர்ல இருந்து சாம்பிள் கொண்டாந்து குடுக்கறவரு" என்று சொல்லிவிட்டாள். அப்பா சொந்தத் தோட்டம் வைத்திருப்பதாக ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தாளே!

ராசப்பன் காதிலும் அது விழுந்தது. அடுத்த தடவை வந்தபோது, "ஏனுங்க மேடம், பாட்டலை எங்க வெக்கட்டுங்க?" என்றார். மகளைப் பார்த்துத்தான்.

அதோடு விட்டாளா? நான் போன் பண்ணினால் மட்டும் வந்தால் போதும் என்றாள். போன் பண்ணாமல் நாளைக் கடத்தினாள். ஓரிரு நாள் ஊற வேண்டிய துண்டு அவர் வீட்டிலேயே இரண்டு மாதம் ஃபார்மலினில் கிடந்தது. அவ்வளவு ஊறினால் செல்லின் அடையாளமே மறைந்துபோகும். ஸ்லைடில் பழுப்பு ஒரு பொட்டுகூட வரவில்லை. மேடம் காரணம் கேட்டபோது ராசப்பனும் அங்கேதான் நின்றிருந்தார்.

"இவருக்கு நாள் கணக்குத் தெரியாதுங்க மேடம்" என்றாள் கயல்விழி.

"என்ற தப்புதானுங்க" என்று அவர் கைகட்டி நின்றார். போன மாதம்தான் அது. நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

நிலோஃபர் மாலையோடு குனிந்தார். முகத்தைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. திரும்பிக் கயல்விழியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பொன்னாத்தாள் எட்டி நிலோஃபர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடமுங்களா? உங்களப் பத்தி நெம்பச் சொல்லுவாருங்க. அங்க வந்தா எங்க கண்ணு எல்லார்த்துகிட்டயும் 'இவருதான் எங்கப்பா'ன்னு கூட்டிட்டுப் போயிச் சொல்லுமாமுங்க. சேர் போட்டு உக்கார வெப்பீங்களாமா. ஊட்டுக்கு வந்து பத்து நாளைக்கு அதே பேச்சுத்தானுங்க."

ரவிதேஜா ஏதோ சொல்ல வாயெடுத்தான். நிலோஃபர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமாங்கம்மா" என்றார். "அப்படித்தாங்க."

கயல்விழிக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வாய்க்கரிசி போட அழைத்தார்கள். காளிச்சாமி பக்கத்து ஊர்க்காரர். ஆள் தெரியாததால் உறவு கேட்டுக் கேட்டு வரிசை விட்டார். கயல்விழி கையில் அரிசியோடு முன்னால் வந்தாள்.

"அம்மணி, நீங்க என்ன மொறையாகோணுங்க?"

சொல்லத்தான் நினைத்தாள். கண் நிலோஃபர் பக்கம் போனது. பின்னால் கூட்டம் நின்றது. அவர் மறுபடியும் கேட்டார்.

"பொண்ணுங்க" என்றார், சற்றுத் தள்ளி நின்ற நிலோஃபர்.

காளிச்சாமி விலகி இடம் விட்டார். கயல்விழி குனிந்து கையைக் கவிழ்த்தாள். அரிசி விழவில்லை. வியர்த்த உள்ளங்கையில் ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிவிட வேண்டியிருந்தது.