செலோமித்தின் கடா

மகளின் உடம்பு அனலாய்க் கொதித்தது. பெலத்தியா வைத்தியரைத் தேடவில்லை. அது எதற்காக வந்த காய்ச்சல் என்று அவனுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு விதவை செலோமித், தங்கையின் பிரசவத்துக்குப் போகும்போது தன் ஒரே செம்மறிக் கடாவை இவனிடம் விட்டுப் போனாள். திரும்பி வந்து கேட்டபோது, ஓநாய் தூக்கிப் போய்விட்டது என்றான். அவள் நம்பாமல் பார்க்கவே, கடவுள் பேரில் கூசாமல் சத்தியமும் செய்தான். கடாவோ வனாந்தரத்தில் அவன் அண்ணன் மந்தையில் கொழுத்துக்கொண்டிருந்தது.

இப்போது அந்தக் கடாவையே மந்தையிலிருந்து பிடித்து ஓட்டிக்கொண்டு, தன் ஊரான தெக்கோவாவிலிருந்து எருசலேம் ஆலயத்துக்கு ஓடினான். தாயில்லாப் பெண்ணைப் பார்த்துக்கொள்ள செலோமித்தை விட்டால் ஆளில்லை. அவளிடம் கேட்க முகமில்லை. தலைமாட்டில் ஒரு குடம் தண்ணீர் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டான். பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரம் ஒரு கடாவைப் பலி கொடுப்பது. கடா கையில் இருக்கிறது. பயம் வந்தால் மனிதனுக்குப் புத்தி இவ்வளவுதான் எட்டுகிறது.

ஆலய முற்றத்தில் பலியிடும் ஆசாரியர் கடாவின் கண், காது, குளம்பு எல்லாம் பார்த்தார். குறையில்லை. அதன் தலையில் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கி, செய்ததைச் சொல்லச் சொன்னார். பெலத்தியா ஊன்றினான். கைக்கடியில் அந்த மண்டை மகளின் நெற்றியைப் போலச் சுட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அந்தம்மாவோட கெடாவத் திருப்பிக் குடுத்துட்டியா?"

"இதுதாங்க ஐயா அது."

ஆசாரியர் கயிற்றை அவன் கையிலேயே திணித்தார். பெலத்தியா அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

"புள்ள செத்துரும் ஐயா. இந்த ரத்தத்த ஏத்துக்கச் சொல்லுங்க."

"ஏம்ப்பா, ஆண்டவருக்குப் பசிக்குதுன்னா இத வெட்டுறோம்? இந்த எடத்துல கெடக்க வேண்டியது நான்தானேன்னு உனக்கு ஒறைக்கணும். அடுத்தவ ஆட்ட வெட்டுனா உனக்கு எங்க வலிக்கும்? மொதல்ல அவகிட்டப் போ. குடுத்துட்டு, உன் கெடாவோட வா."

அதற்குள் பிள்ளை போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டான். அவர் கடாவின் முகத்தை வாசல் பக்கம் திருப்பிவிட்டார்.

பாதி வழியில் கடா படுத்துக்கொண்டது. தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். கடவுளைக் கெஞ்சினான், திட்டினான், திட்டியதற்காக மறுபடி கெஞ்சினான்.

ஊருக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்திருந்தது. செலோமித் வீட்டில் ஆளில்லை. அவன் வீட்டுக் கதவோ விரியத் திறந்து கிடந்தது. சாவு விழுந்த வீட்டில்தான் கதவை அப்படி விடுவார்கள். கடாவை இறக்காமலே உள்ளே ஓடினான்.

உள்ளே செலோமித், பிள்ளையின் தலையை மடியில் வைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

"காலையிலேர்ந்து முனகிக்கிட்டுக் கெடக்கு. இதத் தனியாப் போட்டுட்டு எங்கடா போன?" என்றவள், அவன் தோளில் இருந்ததைப் பார்த்தாள். கடா அவளைப் பார்த்துக் கத்தியது.

பெலத்தியா அதை இறக்கினான். இரண்டு கைகளையும் அதன் தலையில் ஊன்றினான். இந்த முறை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்படியே மண்டியிட்டான்.

"ஓநாய் வரலக்கா," என்றான்.

செலோமித் அவனையே பார்த்தாள். பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு எழுந்து போக அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. காலால் குடத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"தண்ணி தீந்துபோச்சு. ஓடு."