எட்டாம் லயத்தின் இரண்டாவது சுற்று

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எட்டாம் லயத்தை ஒருமுறை சுற்றி வருபவர், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப்போவார். இன்னொரு முறை சுற்றினால் பழையபடி ஆகிவிடுவார். 2021 ஐப்பசியில் விழுந்த இடிக்குப் பிறகு வந்த வழக்கம் இது. பதுளையிலிருந்து துணி விற்க வரும் ஜௌபர் நானா, சட்டைப் பொத்தான்கள் பக்கம் மாறியதைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது சுற்றும் போய்ச் சரியாக்கிக்கொண்டார். கோழிகள் இதைப் பொருட்படுத்தவில்லை.

எல்லாம் பாக்கியநாதனின் வேலை. அவர் தேயிலை ஃபெக்டரியில் கரண்ட் வேலை பார்ப்பவர். இலத்திரன் என்கிற எலக்ட்ரான் புத்தகம் சொல்கிற வெறும் புள்ளி அல்ல, தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு சுழலும் ஒரு துண்டு வெளிச்சம், அது பழைய நிலைக்கு வர இரண்டு சுற்று சுற்றியாக வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்லிவந்தார். பல்கலைக்கழகத்துக்கும் எழுதினார். மரியாதையாகப் பதில் வந்தது, ஆள் வரவில்லை. லயத்துக்கு இடிதாங்கி போடச் சொன்னபோது, செம்புக் கம்பியைத் தன் கொள்கைப்படி ஒரு முறுக்கு முறுக்கி, லயத்தைச் சுற்றி இரண்டு வளையமாகப் புதைத்தார். அந்த ஐப்பசி இடி அதில்தான் இறங்கியது.

முதலில் சுற்றிப் பார்த்தவரும் அவர்தான். ஒரு சுற்றோடு நின்றுவிட்டார். "அடுத்த இடியில இதெல்லாம் போயிட்டா சாட்சி எங்க? நான்தான் சாட்சி" என்றார். இதயம் வலப்பக்கம் போயிருந்ததில் அவருக்குப் பெருமை. சிக்கல் சோற்றில் வந்தது. நேரான சோறு திரும்பிய உடம்பில் ஒட்டவில்லை. மூன்று வேளை சாப்பிட்டும் ஒரு மாதத்தில் எலும்பும் தோலுமானார். அவர் மனைவி றோசாலிதான் வழி கண்டுபிடித்தாள். கொழுந்தெடுத்து வந்த கையோடு சமைத்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்தை ஒரு சுற்று வருவாள். சட்டியை வாசலில் வைத்துவிட்டு, தன்னைச் சரிசெய்துகொள்ள வெறுங்கையோடு இன்னொரு சுற்று போவாள். மழையிலும் காய்ச்சலிலும் மூன்று வருடம் இப்படியே நடந்தது. அவருக்கு உடம்பு தேறியது. ஆனால் அவள் வழக்கமாகத் தலை சாய்க்கும் அவருடைய இடது மார்பில் சத்தமே இல்லை. உயிரோடு இருக்கிற புருஷனைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு. யாரிடமும் சொல்லவில்லை.

2024 கடைசியில் ஒரு பேராசிரியர், வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக எழுதினார். அதற்கு மூன்று நாள் முன்பு றோசாலி மழைத்தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து, முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டாள். பாக்கியநாதன் தானே சட்டியைத் தூக்கினால் சோறும் திரும்பும், அவரும் திரும்புவார், பொருந்தாது. பக்கத்து வீட்டுக் கலாராணி வந்து, "ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் சுத்திக் கொண்டாறேன் அண்ணே" என்றாள்.

"ஆமாங்க, அந்த ஐயா வர்றப்ப நீங்க தெம்பா இருக்கணும்ல" என்றாள் றோசாலி.

பாக்கியநாதன் அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடம் அது தனக்காக எத்தனை சுற்று சுற்றியிருக்கும் என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுந்துபோய் வெறுங்கையோடு லயத்தை ஒரு சுற்று வந்தார். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அதே சட்டியிலிருந்து அப்படியே சாப்பிட்டார். றோசாலி அவருடைய இடது மார்பில் காதை வைத்துக் கேட்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் வந்தார். பாக்கியநாதனின் இதயம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, லயத்தைத் தானே சுற்றிப் பார்ப்பதாகச் சொன்னார்.

"ஒரு சுத்தோட நின்னுராதீங்க சார்" என்று றோசாலி படுத்தபடியே சொன்னாள். "வீட்டுல சமைக்கிறவங்க பாவம்."

அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். முதல் சுற்று முடிந்து வாசலைக் கடந்தபோது அவருடைய கைக்கடிகாரம் வலது கைக்கு மாறியிருந்தது. மழை வரும்போல் இருந்ததால் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார். பாக்கியநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். றோசாலியின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் எழுந்திருக்கவில்லை. பேராசிரியர் இரண்டாவது சுற்றையும் ஒழுங்காக முடித்து, மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு, பிளேன்டீ குடித்துவிட்டு பஸ் ஏறினார்.